பாஸ் புத்தகம் மனைவி பெயரில்... ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப்பையில்?

சேமிப்பு கணக்கு தொடங்கினால் வீட்டில் பெண்கள் பேச்சு எடுபடுமா?

2016-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி இரவு. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் மோடி டி.வி.யில் அறிவித்தார். அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு ரகசியம் உடைந்தது.

அரிசி பானைக்குள், அஞ்சறைப்பெட்டிக்கு அடியில், பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் என்று பெண்கள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டு பணம் வெளியே வந்தது.

வேறு வழி இல்லை. வங்கி கவுண்ட்டரில் நேரடியாக மாற்றிக்கொள்ள அனுமதித்த தொகை ரொம்ப குறைவு. அதுவும் அந்த மாதம் 24-ந்தேதியோடு நின்றுவிட்டது. மிச்சத்தை கணக்கில் போட்டால்தான் பணம். கணக்கு இல்லாத பெண்கள் கணவரிடமோ, மகனிடமோ நோட்டை எடுத்து நீட்டவேண்டிய நிலை ஏற்பட்டது.

"இவ்வளவு பணம் உனக்கு எங்கிருந்துடி வந்துச்சு?"

"உங்க தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு மொய் வைக்கத்தாங்க எடுத்து வச்சேன்."

இந்த மாதிரி கேள்வி-பதில் நடக்காத தெரு இருந்திருக்காது. இல்லத்தரசிகள் ரூ.2½ லட்சம் வரை டெபாசிட் செய்தால் கேள்வி கேட்கமாட்டோம் என்று மத்திய அரசே சொல்லும் அளவுக்கு சிறுவாட்டு பணம் அன்றைக்கு பெரிய விஷயமாக இருந்தது.

வருமான வரித்துறை கேட்கவில்லை. வீட்டில் கேட்டார்கள்.

மறைத்த பணம் பேசாது

சிறுவாட்டு பணத்துக்கு பலமும் ரகசியம்தான். பலவீனமும் ரகசியம்தான்.

பையனுக்கு காய்ச்சல் என்றால் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு போகலாம். அம்மா வீட்டுக்கு போகும்போது பழம், ஸ்வீட் வாங்கலாம். அது வரைக்கும் சரி.

ஆனால் வீட்டில் பெரிய முடிவு எடுக்கும்போது என்ன ஆகும்? மகளை காலேஜில் சேர்ப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று பேச்சு வருகிறது. "பீஸ் கட்ட பணம் இல்ல" என்கிறார் கணவர். மனைவியிடம் 8 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. "என்கிட்ட இருக்கு, நான் கட்டறேன்" என்று சொன்னால் மகள் காலேஜுக்கு போகலாம். ஆனால் சொன்ன அந்த நிமிஷமே ரகசியம் போச்சு. அடுத்த மாதம் பைக் டியூ கட்டணும் என்றாலும், மச்சான் வந்து கைமாத்து கேட்டாலும் எல்லார் கண்ணும் அந்த அரிசி பானை பக்கம்தான் திரும்பும்.

அதனால் பல பெண்கள் வாயை திறப்பதே இல்லை. பணம் இருந்தும் பேச்சு இல்லை.

சேமிப்பு கணக்கு வித்தியாசப்படுவது இந்த இடத்தில்தான். அதில் இருக்கும் பணத்தை வெளியே சொல்லலாம். சொன்னாலும் அடுத்தவர் கை அதில் நுழைய முடியாது. அதாவது, நுழைய முடியாதபடி கணக்கு இருந்தால்.

அந்த 'இருந்தால்' என்ற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. மூன்று நாடுகளில் பொருளாதார ஆய்வாளர்கள் இதை சோதித்து பார்த்திருக்கிறார்கள். மூன்றிலும் கிடைத்த பதில் நம்ம ஊர் பெண்களுக்கும் பொருந்தும்.

சாவி வங்கியில், உண்டியல் வீட்டில்

முதல் சோதனை பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்தது. அங்கே மின்டானாவ் தீவில் உள்ள ஒரு வங்கி, 2003-ம் ஆண்டு தன் வாடிக்கையாளர்களில் 710 பேரிடம் ஒரு புது கணக்கை சொன்னது. பணம் போடலாம். ஆனால் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. எந்த தேதி வரை, அல்லது எவ்வளவு தொகை சேரும் வரை எடுக்கமாட்டேன் என்று அவரவரே முன்கூட்டி எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்காக கூடுதல் வட்டியும் கிடையாது.

இதற்கு யார் சம்மதிப்பார்கள் என்று தோன்றும். 202 பேர் சம்மதித்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பூட்டு போட்ட ஒரு உண்டியலும் வாங்கிக்கொண்டார்கள். உண்டியல் வீட்டில் இருக்கும். சாவி வங்கியில் இருக்கும்.

திருமணமான பெண்களிடம் ஒரு வருஷம் கழித்து விசாரித்தபோது, வீட்டு முடிவுகளில் அவர்கள் பேச்சு முன்பைவிட எடுபட்டது தெரியவந்தது. அதிலும் ஆரம்பத்தில் வீட்டில் செல்வாக்கு குறைவாக இருந்த பெண்களிடம்தான் மாற்றம் அதிகம். அவர்கள் வீட்டில் தையல் மிஷின், வாஷிங் மிஷின், அடுப்பு, இஸ்திரி பெட்டி மாதிரியான பொருட்களும் கூடியிருந்தன. பெண்களின் வேலைப்பளுவை குறைக்கும் சாமான்கள் இவை. பேச்சு எடுபட்டதற்கு சாட்சி வீட்டுக்குள்ளேயே நின்றது.

"கேட்டா குடுக்க முடியாதுங்க, பேங்க்ல பூட்டி வச்சிருக்கு" என்று கணவரிடமும், மாமியாரிடமும், அண்ணனிடமும் சண்டை போடாமலே சொல்ல முடிந்தது. இல்லை என்று சொல்லும் வேலையை வங்கி பார்த்துக்கொண்டது. இந்த கணக்கின் சூட்சுமம் இவ்வளவுதான்.

கார்டு வந்தது, கணக்கு தூங்கியது

இரண்டாவது சோதனை ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் மேற்கு பகுதியில் நடந்தது. இதன் முடிவு கொஞ்சம் தலைகீழானது.

புதிதாக கணக்கு தொடங்கிய கணவன்-மனைவிகளில் சிலருக்கு ஏ.டி.எம். கார்டு இலவசமாக கொடுத்தார்கள். கார்டு இருந்தால் பணம் எடுக்கும் கட்டணம் குறையும். எந்த நேரமும் எடுக்கலாம். வசதிதானே, எல்லோரும் கணக்கை அதிகம் பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்.

ஆண்களின் கணக்குகளிலும், கணவன்-மனைவி சேர்ந்து வைத்திருந்த கூட்டு கணக்குகளிலும் அப்படித்தான் நடந்தது. பெண்களின் தனி கணக்குகளில் அந்த பலன் கிடைக்கவில்லை. வீட்டில் யார் பேச்சு எடுபடவில்லையோ, அவர்களுக்கு கார்டு கொடுத்ததே பாதகமாக முடிந்தது.

ஏன் என்று நம்ம ஊர் பெண்களுக்கு விளக்கவேண்டியது இல்லை. கார்டு இல்லாதவரை பணம் எடுக்க அந்த பெண்ணே வங்கிக்கு போகவேண்டும். கையெழுத்து போடவேண்டும். கார்டு வந்துவிட்டால் "கார்டை குடு, நம்பரை சொல்லு" என்று கேட்டாலே போதும். நாலு இலக்க ரகசிய எண்ணில் கணக்கு கைமாறிவிடும்.

பணம் எடுப்பது சுலபமாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். யாருக்கு சுலபம் என்பதையும் சேர்த்து கேட்கவேண்டி இருக்கிறது.

கணவர் கணக்குக்கு போன மனைவி கூலி

மூன்றாவது சோதனை நம் நாட்டில் நடந்தது. மத்தியபிரதேச மாநிலத்தின் வடக்கு பகுதி. பெண்கள் வேலைக்கு போனால் ஊரில் ஒரு மாதிரி பார்க்கும் பகுதி அது.

100 நாள் வேலை திட்டத்தில் மண் வெட்டியது மனைவி. ஆனால் அப்போது அந்த பகுதியில் கூலி போய் சேர்ந்தது பெரும்பாலும் குடும்பத்தலைவர் என்ற பெயரில் கணவரின் கணக்குக்கு. தான் சம்பாதித்தது எவ்வளவு என்றே பல பெண்களுக்கு தெரியாது.

2013-ம் ஆண்டு 197 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு ஆய்வை தொடங்கினார்கள். சில ஊர்களில் பெண்கள் பெயரில் கணக்கு மட்டும் தொடங்கி கொடுத்தார்கள். சில ஊர்களில் கணக்கை எப்படி இயக்குவது என்று சுமார் 2 மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சில ஊர்களில் இதோடு சேர்த்து, பெண்களின் கூலி நேராக அவர்கள் கணக்குக்கே வரும்படி ஏற்பாடு செய்தார்கள்.

கணக்கு மட்டும் கிடைத்த ஊர்களில் பெரிய மாற்றம் இல்லை. புத்தகம் பெட்டிக்குள் போய் படுத்துக்கொண்டது.

கூலியும் நேராக வந்து, இயக்கவும் கற்றுக்கொண்ட பெண்கள் வேறு மாதிரி ஆனார்கள். அரசு வேலை மட்டும் அல்ல, தனியார் கூலி வேலைக்கும் அதிகம் போனார்கள். அதற்கு முன்பு வேலைக்கே போகாத பெண்கள், கணவர் எதிர்ப்பு இருந்த பெண்கள், இவர்களிடம்தான் மாற்றம் அதிகம். வேலைக்கு போகும் பெண் நல்ல மனைவியாக இருக்கமாட்டாள் என்ற எண்ணமும் குறைந்தது. 2021-ம் ஆண்டு அமெரிக்க பொருளாதார இதழ் ஒன்றில் இந்த முடிவுகள் வெளியானபோது உலகம் முழுவதும் பேசப்பட்டது.

கணவரை யாரும் திருத்தவில்லை. கூலி போய் சேரும் இடத்தை மட்டும் மாற்றினார்கள்.

தமிழ்நாட்டில் 100-க்கு 92 பேர்

கணக்கு எண்ணிக்கையில் தமிழ்நாடு எப்போதும் முன்னால்தான். 1989-ம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக்குழுக்கள் தொடங்கியபோதே, குழு பெயரில் வங்கி கணக்கு, வாரம்தோறும் சந்தா, கணக்கு நோட்டு என்று பெண்களுக்கு வங்கி வாசல் பழகிவிட்டது. (கடன் வாங்கியது குழுவில் இருக்கிற அக்கா, செலவு செய்தது மாமா என்ற கதையும் அப்போதே பழகிவிட்டது.)

2014-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி ஜன்தன் திட்டம் வந்தது. இருப்பு தொகை இல்லாமலே கணக்கு. 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுவதும் இந்த கணக்குகள் 56 கோடியை தாண்டின. பாதிக்கு மேல் பெண்கள் பெயரில் உள்ளவை.

2019-21-ல் நடந்த தேசிய குடும்பநல கணக்கெடுப்பில், தாங்களே இயக்கும் வங்கி கணக்கு இருப்பதாக தமிழ்நாட்டு பெண்களில் 100-க்கு 92 பேர் சொன்னார்கள். நாடு முழுவதும் 100-க்கு 79 பேர். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 53 ஆகத்தான் இருந்தது.

இதே கணக்கெடுப்பில் இன்னும் 2 கேள்விகள் உண்டு. உங்கள் இஷ்டத்துக்கு செலவு செய்ய உங்களிடம் பணம் இருக்கிறதா என்று கேட்டதற்கு நாடு முழுவதும் சுமார் பாதி பெண்கள்தான் ஆமாம் என்றார்கள். தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருக்கிறதா என்பதற்கு 100-க்கு 54 பேர்தான் ஆமாம் என்றார்கள்.

79 பேரிடம் கணக்கு, 54 பேரிடம் போன். அப்படியென்றால் கணக்கில் பணம் ஏறியதும் வரும் எஸ்.எம்.எஸ். யார் போனில் 'டிங்' என்று அடிக்கிறது?

ஆயிரம் ரூபாய் வந்த நாள்

2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி காஞ்சீபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை திட்டத்தை அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தொடக்கத்திலேயே 1 கோடியே 6 லட்சம் குடும்பத்தலைவிகளின் கணக்குகளுக்கு மாதம் ரூ.1,000 போனது. ரேஷன் கடையில் கையில் கொடுக்காமல், பெண் பெயரில் உள்ள கணக்கில்தான் போடுவது என்று முடிவு செய்ததற்கு காரணம் உண்டு. கையில் வாங்கிய பணம் தெருமுனையை தாண்டுவதற்குள் திசைமாறும் வீடுகள் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆனால் முதல் மாதத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. சில கணக்குகளில் பணம் ஏறியதும், குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கடன் பாக்கி என்று சொல்லி வங்கிகள் பிடித்துக்கொண்டன. உரிமைத்தொகையில் கைவைக்கக்கூடாது என்று மாநில அரசு எச்சரிக்கவேண்டி வந்தது. வீட்டில் இருந்து தப்பிய பணம் வங்கியில் மாட்டிக்கொண்டது.

குறைந்தபட்ச இருப்பு பயம் இப்போது பல வங்கிகளில் இல்லை. பாரத ஸ்டேட் வங்கி 2020-ம் ஆண்டிலேயே சாதாரண சேமிப்பு கணக்குகளுக்கு இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூன் மாதமும், இந்தியன் வங்கி 2025 ஜூலை மாதமும் எடுத்தன. எந்த வங்கியானாலும் 'அடிப்படை சேமிப்பு கணக்கு' என்று கேட்டு தொடங்கினால் இருப்பு வைக்கவேண்டியது இல்லை. கணக்கு தொடங்கும்போதே இந்த பெயரை சொல்லி கேட்பது நல்லது.

கார்டை கொடுத்ததால் போன ரூ.25 ஆயிரம்

கார்டும், ரகசிய எண்ணும் அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூருவில் நடந்த ஒரு வழக்கு உதாரணம். அங்கே கணவர் ஏமாற்றவில்லை. உதவிதான் செய்தார். அப்படியும் பணம் போச்சு.

2013-ம் ஆண்டு பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்த ஒரு பெண், தன் ஏ.டி.எம். கார்டையும், ரகசிய எண்ணையும் கணவரிடம் கொடுத்து ரூ.25 ஆயிரம் எடுத்துவர சொன்னார். எந்திரத்தில் இருந்து சீட்டு வந்தது. பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் ரூ.25 ஆயிரம் குறைந்துவிட்டது. வங்கியில் புகார் செய்தார். "ரகசிய எண்ணை இன்னொருவரிடம் சொன்னது விதிமீறல்" என்று வங்கி கைவிரித்தது. வழக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு போனது. சுமார் 5 வருஷம் கழித்து, 2018-ம் ஆண்டு மே மாதம் வங்கி பக்கமே தீர்ப்பு வந்தது.

கணவர்தானே, வேற யாரு என்று நாம் நினைப்போம். வங்கி விதிப்படி ரகசிய எண் விஷயத்தில் கணவரும் மூன்றாம் மனிதர்தான். கணவர் நேரில் போய் "என் சம்சாரம் கணக்குல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால், மனைவியின் சம்மதம் இல்லாமல் வங்கி ஊழியர் சொல்லக்கூடாது.

கையெழுத்துக்கு பதில் கைரேகை

படிக்க தெரியாது, போன் இல்லை என்றால் கணக்கை கையில் வைத்திருக்கவே முடியாதா? முடியும்.

ஆதார் இணைத்த கணக்கில் கைரேகை வைத்து பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. ஊருக்குள் சின்ன எந்திரத்தோடு வரும் வங்கி பிரதிநிதியிடம் எடுக்கலாம். 2018-ம் ஆண்டு செப்டம்பரில் தபால் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கிய பிறகு தபால்காரரே வாசலுக்கு வந்து கொடுக்கிறார். கார்டை பிடுங்கிக்கொண்டு போகலாம். விரலை பிடுங்கிக்கொண்டு போக முடியாது. ரேகை வைத்ததும் எவ்வளவு எடுத்தார்கள் என்று சீட்டை வாங்கி யாரிடமாவது படிக்க சொல்லி சரிபார்க்கவேண்டும். அதை மட்டும் விடக்கூடாது.

பிலிப்பைன்ஸ் உண்டியல் மாதிரி நம்ம ஊரிலும் ஒன்று உண்டு. தபால் ஆபீஸ் ஆர்.டி.தான் அது. மாதம் ரூ.100-ல் தொடங்கலாம். 5 வருஷ கணக்கு. 3 வருஷம் ஆகாமல் முடித்துக்கொள்ள முடியாது. அவசரம் என்றால் 12 மாதம் கட்டிய பிறகு, கட்டியதில் பாதி வரை கடன் வாங்கலாம். வீடு தேடி வந்து பணம் வாங்கிப்போக பெண் ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். "அவசரமா ரெண்டாயிரம் வேணும், எடுத்து குடு" என்று கேட்டால், "அது முடியுற வரைக்கும் தொட முடியாதுங்க" என்று உண்மையையே சொல்லலாம். சண்டையும் இல்லை, பொய்யும் இல்லை.

சேமிப்பு கணக்கில் ரூ.500 போட்டு வைத்து செலவுக்கு எடுத்துக்கொள்வதும், ஆர்.டி.யில் ரூ.300 பூட்டி வைப்பதும் ஒரே பெண் செய்யக்கூடிய காரியம்தான். முதல் கணக்கை வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும்.

அடித்து பிடுங்கினால்?

எல்லா வீட்டிலும் இப்படி பேச்சிலேயே முடியாது. கார்டை தரமாட்டேன் என்றால் கை ஓங்கும் வீடுகளும் இருக்கின்றன. வங்கியில் பணம் வந்ததாலேயே அடி விழும் வீடுகளும் உண்டு. கணக்கு தொடங்கு, அதிகாரம் வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை சொல்வது இல்லை.

2006-ம் ஆண்டு அமலுக்கு வந்த குடும்ப வன்முறை தடுப்பு சட்டம், அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பெண்ணுக்கு உரிய பணத்தை தடுப்பதும், பறிப்பதும் 'பொருளாதார வன்முறை' என்று அதில் இருக்கிறது. கூட்டு கணக்காக இருந்தாலும், அதில் இருந்து கணவர் தன் இஷ்டத்துக்கு பணம் எடுக்க தடை போடும்படி மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் கேட்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்காக பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். மகளிர் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று. ரகசிய எண் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால், பாஸ் புத்தகம், ஆதாரோடு நேரில் வங்கிக்கு போய் பழைய கார்டை முடக்க சொல்லலாம். கணக்கில் உள்ள செல்போன் எண் கணவருடையதாக இருந்தால், தன் எண்ணை எழுதிக்கொடுத்து மாற்றலாம். இந்த இரண்டுக்கும் கணவர் கையெழுத்து தேவை இல்லை.

நாமினி பெயரையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம். கணக்கு தொடங்கும்போது யாரோ பூர்த்தி செய்து கொடுத்த படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதே பலருக்கு நினைவு இருக்காது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2025-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதியில் இருந்து வங்கி கணக்குக்கு 4 பேர் வரை நாமினி வைக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். மகள் பெயரையும் அதில் சேர்க்கலாம்.